செவுள் இல்லாதது

மீனென்றால் எனக்குத் தெரியும்.
செவுளைத் தூக்கிப் பார்ப்பேன்.
கண்ணில் பால் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பேன்.
வயிற்றில் விரல் வைத்து அழுத்தினால்
குழி உடனே எழுந்து வர வேண்டும்.
பேர்னு சந்தையில் பத்தொன்பது வருஷம்
பனிக்கட்டிக்குப் பின்னால் நின்றவள்
ஏமாந்து வாங்கிய மீன் ஒன்றுகூட இல்லை.
ஏமாற்றி விற்றது,
சரி, அது இப்போது எதற்கு.

கிதாருக்குச் செவுள் எங்கே இருக்கிறது?

தார்மோவின் பழைய சாமான் கடையில்
பனிச்சறுக்குக் கட்டைகளுக்கும்
ஓடாத இரண்டு தையல் மெஷின்களுக்கும் மேலே
கழுத்தில் கொக்கி மாட்டித் தொங்கின ஒன்பது,
புகைபோடக் கோத்த விலாங்குகள் மாதிரி.

"கையில் எவ்வளவு, உர்வே?"
"தொண்ணூறு யூரோ. பூட்ஸுக்கு வைத்திருந்தது."
"மேடைக்கா, சமையலறைக்கா?"
"சமையலறைக்கு."
தார்மோ தலையாட்டினான்.
ஒன்பதில் ஐந்து
அந்த ஒரே சொல்லில் விலகிப் போயின.

முதலாவது எஃகுக் கம்பி.
என் விரல்கள் மதியம்வரை மரத்திருக்கும்;
மரப்பு விட்டதும் ஒவ்வொன்றாய் வலிக்கத் தொடங்கும்.
வலிக்கிற விரலுக்குக் கம்பி வேறா?
இரண்டாவதைத் துப்பாக்கி போலக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.
கழுத்து வளைந்திருந்தது,
பொய் சொல்கிறவன் நிற்பது போல.
மூன்றாவதின் கட்டைகள்
பெர்ச் மீனின் முதுகுமுள்ளாய்க் கையைக் கிழித்தன.
முள்ளுக்குச் சம்பளம் வாங்குகிறேன் நான்,
காசு கொடுக்க மாட்டேன்.

நாலாவதை எடுக்கும்போதே
தார்மோ குரலைத் தாழ்த்திக்கொண்டான்:
"நைலான் கம்பி. உடம்பு ஒட்டுப்பலகைதான்.
நாதம் கொஞ்சம் மந்தம்."

மந்தமா!
என் சுவருக்கு அந்தப் பக்கம் ஹெல்தூர் தூங்குகிறார்,
மர ஆலையில் இரவு வேலை.
ஜனவரியில் ரேடியேட்டர் விடும் வறட்டு மூச்சில்
உயர்ந்த ஜாதிப் பலகையெல்லாம் வெடிக்குமாம்.
ஒட்டுப்பலகைக்கு அந்த ரோஷம் கிடையாது.
மடியில் வைத்தேன். உட்கார்ந்தது.
கம்பியை அழுத்தினேன். இறங்கியது.
தட்டினேன்.
உள்ளே ஏதோ கலகலத்தது.

தார்மோ முகம் சுருங்கினான்.
கைக்கண்ணாடி விட்டுத் துழாவினான், டார்ச் அடித்தான்.
"ஏதோ சிராய் போல. பத்து யூரோ குறைத்துக்கொள்."
நான் பதில் சொல்லவில்லை.
சந்தையில் கற்றது அது: சும்மா நிற்பது.
பதினைந்து குறைத்தான்.

பேருந்தில் அதற்கும் ஓர் இருக்கை பிடித்தேன்.
பக்கத்தில் நின்ற கிழவர்
நாய் உட்கார்ந்திருந்தால் முறைப்பது போல் முறைத்தார்.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல்
ஹெர்ரிங் பீப்பாயைக் கவிழ்ப்பது போல் கவிழ்த்துக் குலுக்கினேன்.
மேஜைத் துணியில் விழுந்தது
ஒரு பால்பல்.

வேரில்லாமல், அரிசி நுனியளவு.
யாருடைய வாயிலிருந்தோ ஆறு வயதில் விழுந்து
யாரும் தேடமாட்டார்கள் என்று அங்கே போட்டதா,
இல்லை, எல்லோரும் தேடட்டும் என்றா?
தார்மோவைக் கூப்பிடப் போனை எடுத்தேன்,
என்ன சொல்வது? உன் கிதாருக்குப் பல் விழுந்துவிட்டது என்றா?
வைத்துவிட்டேன்.
பல்லையும் ஓட்டை வழியே உள்ளேயே போட்டேன்.
எழுபத்தைந்துக்குள் அதுவும் அடக்கம்.

மூன்று வாரமாகிறது.
இரண்டு பிடிகள் வருகின்றன, மூன்றாவது வருவதில்லை.
ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கப்போட வேண்டுமாம்,
கெண்டையைப் பலகையில் போடுவது போல.
படுக்க மாட்டேன் என்கிறது.
தாழ்ந்த கம்பியைத் தட்டினால் மட்டும்
பல் ஒருமுறை துள்ளுகிறது.

நேற்று மாடிப்படியில் ஹெல்தூர்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்:
"சாயங்காலம் சத்தம்... நான்தான்."
"நீங்களா?" என்றார், மூன்றாம் படியில் நின்று.
"ரேடியேட்டர் என்று நினைத்தேன்."
சாவியைத் தேடினார். கதவைத் திறந்தார்.
பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டி,
"செவ்வாய்க்கிழமை நன்றாக இருந்தது அந்த ரேடியேட்டர்."